நேத்து எடுத்ததை ‘லைவ்’னு ஓட்டின சேனல்! டிவி மியூசிக்கல்ல நிஜமா என்ன நடக்குது?

[திரையில்: சிவப்புப் பட்டையில் ‘நேரலை’. மெதுவா மங்கி மறையுது.]

2019 ஜனவரி 27, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. அமெரிக்காவுல ஃபாக்ஸ் சேனல். நிகழ்ச்சியோட பேரு ‘ரென்ட்: லைவ்’. பேர்லயே லைவ் இருக்கு. ஆனா ஜனங்க வீட்டுல உட்கார்ந்து பார்த்ததுல முக்கால்வாசிக்கு மேல, முந்தின நாள் ராத்திரி எடுத்த ஒத்திகை! கடைசி கால் மணி நேரம் மட்டும்தான் நிஜமான லைவ்.

காரணம் ஒரே ஒரு பாத எலும்பு. சனிக்கிழமை டிரஸ் ரிகர்சல்ல கதாநாயகன் ரோஜரா நடிச்ச பிரென்னின் ஹன்ட் காலை உடைச்சுக்கிட்டார். அவருக்குப் பதிலா இறங்க ஒரு ஆள் கூட தயாரா இல்ல. அது ஏன்னு பின்னாடி சொல்றேன். பாதியில ஓடிப்போயிடாதீங்க.

வணக்கம் மக்களே. மேடையில வருஷக்கணக்கா ஓடின மியூசிக்கலை எடுத்து, டிவிக்காரங்க ஒரே ராத்திரியில நேரலையா நடிச்சுக் காட்டுற கூத்துதான் இன்னிக்கு விஷயம். மியூசிக்கல்னா பாட்டாலயே கதையை நகர்த்துற மேடை நாடகம். நம்ம பழைய சங்கீத நாடகத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்கோங்க.

[திரையில்: கருப்பு வெள்ளை டிவிப் பெட்டி]

வரலாற்றை அரை நிமிஷத்துல முடிச்சிடுவோம். 1955 மார்ச் 7: என்பிசி சேனல்ல ‘பீட்டர் பேன்’, நடிச்சது மேரி மார்ட்டின். பார்த்தவங்க சுமார் ஆறரை கோடின்னு கணக்கு. 1957 மார்ச் 31: சிபிஎஸ்ல ‘சின்ட்ரெல்லா’, நடிச்சது ஜூலி ஆண்ட்ரூஸ். பத்து கோடிக்கு மேல பார்த்தாங்கன்னு சொன்னாங்க. அப்ப அந்த நாட்டு ஜனத்தொகையே பதினேழு கோடி சொச்சம்தான்! கலர்ல ஒளிபரப்பின நிகழ்ச்சி, ஆனா இன்னிக்கு மிச்சம் இருக்கிறது கருப்பு வெள்ளைப் பிரதி. டிவித் திரைக்கு முன்னாடி ஃபிலிம் கேமராவை வச்சு எடுத்தது அது. தியேட்டர்ல செல்போன்ல படம் பிடிக்கிறாங்களே, கிட்டத்தட்ட அதே வேலை. அப்புறம் வீடியோ டேப் வந்துச்சு, லைவ் மோகம் அடங்குச்சு.

அரை நூற்றாண்டு கழிச்சு 2013 டிசம்பர் 5. என்பிசி ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக் லைவ்’ போடுது. கேப்டன் வீட்டுப் பசங்களைப் பார்த்துக்க வர்ற மடத்துப் பொண்ணு மரியாதான் கதாநாயகி. மரியாவா வந்தது ‘கன்ட்ரி’ இசைப் பாடகி கேரி அண்டர்வுட். 1 கோடியே 86 லட்சம் பேர் பார்த்தாங்க. மத்த சேனல் எல்லாம் வாயைப் பொளந்துச்சு. அடுத்த சில வருஷம், டிசம்பர் வந்தாலே ஒரு லைவ் மியூசிக்கல்.

மேரி மார்ட்டின், ஜூலி ஆண்ட்ரூஸ். இந்த ரெண்டு பேரையும் மனசுல வச்சுக்கோங்க. மொத்தப் பஞ்சாயத்தும் இவங்க ரெண்டு பேருக்கு நடுவுலதான்.

[திரையில்: இடது பக்கம் மேடை, வலது பக்கம் சினிமாச் சுருள்]

2013ல நிகழ்ச்சி ஓடிக்கிட்டு இருக்கும்போதே ட்விட்டர்ல திட்டு ஆரம்பிச்சிடுச்சு. “ஜூலி ஆண்ட்ரூஸ் மாதிரி இல்லையே!” “பாட்டு இடம் மாறி வருதே!” இதே கதையை 1965ல படமா எடுத்தப்ப மரியாவா நடிச்சது ஜூலி ஆண்ட்ரூஸ். அந்தப் படத்துல இடி மின்னல் ராத்திரியில பசங்க பயந்து மரியா ரூமுக்கு ஓடி வருவாங்க, அவங்க ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ பாடுவாங்க. உலகமே அப்படித்தான் ஞாபகம் வச்சிருக்கு. டிவியில அதே பாட்டை மரியாவும் மடத்துத் தலைவியும் சேர்ந்து கான்வென்ட்ல பாடுறாங்க. இடி மின்னலுக்கு வர்றது ஆட்டுக்காரன் பாட்டு, ‘தி லோன்லி கோட்ஹெர்ட்’.

தப்பா? இல்லவே இல்லைங்க. 1959 மேடை நாடகத்துல அதுதான் வரிசை! 1965 படம்தான் மாத்திப் போட்டுச்சு. மேடையில முதல் மரியா யாரு தெரியுமா? மேரி மார்ட்டின். அப்ப அவங்களுக்கு 45 வயசு! டிவிக்காரங்க மேடை வடிவத்துக்கு விசுவாசமா இருந்தாங்க, ஜனங்களோட விசுவாசம் படத்து மேல.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, அந்த விசுவாசமும் முழுசா இல்ல. மேடையில கேப்டனும் மரியாவும் காதலைச் சொல்ற இடத்துல ‘அன் ஆர்டினரி கப்பிள்’னு ஒரு பாட்டு இருக்கும். அதைத் தூக்கிட்டு, படத்துக்காக எழுதின ‘சம்திங் குட்’ பாட்டை டிவியில வச்சாங்க. ஒரு காலு மேடையில, ஒரு காலு சினிமாவுல. என் கருத்து: அப்படி மாத்துறதா இருந்தா ‘ஃபேவரிட் திங்ஸ்’ஸையும் மாத்தித் தொலைச்சிருக்கலாம், பாதித் திட்டு மிச்சமாகியிருக்கும். நீங்க என்ன நினைக்கிறீங்க, கீழ எழுதுங்க.

‘கிரீஸ்’ங்கிற மியூசிக்கல் இந்தச் சிக்கலை நல்லாவே சமாளிச்சுது. 2016 ஜனவரி 31, ஃபாக்ஸ். 1978 படத்துக்குன்னே சேர்த்த ‘ஹோப்லெஸ்லி டிவோட்டட் டு யூ’, ‘யூ ஆர் தி ஒன் தட் ஐ வான்ட்’ ரெண்டையும் வச்சாங்க. படத்துல முழுசா பாட விடாத ‘ஃப்ரெடி மை லவ்’ மாதிரி மேடைப் பாட்டுக்கும் இடம் கொடுத்தாங்க. ரெண்டு கோஷ்டிக்கும் சாப்பாடு போட்டாச்சு.

[திரையில்: ஒரு வரைபடம். பாடகி, ஸ்பீக்கர், வேற கட்டடத்துல வாத்தியக்காரங்க]

சரி, இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வர்றோம். சத்தம்! ஹெட்ஃபோன் இருந்தா மாட்டிக்கோங்க.

மேடை நாடகத்துல வாத்தியக்காரங்க மேடைக்குக் கீழ குழியில உட்கார்ந்திருப்பாங்க. இசையை நடத்துறவர் கையைப் பாடகி நேராப் பார்ப்பாங்க. டிவியில செட்டு நாலு பக்கமும் பரவிக் கிடக்கும், குழிக்கு இடம் இருக்காது. அதனால பல தயாரிப்புல வாத்தியக்காரங்க வேற அறையில இருப்பாங்க, இல்லேன்னா இசையை முன்னாடியே பதிவு பண்ணி வச்சிருப்பாங்க. பாடகிக்கு இசை ஸ்பீக்கர்ல வரணும்.

இப்ப கணக்கு போடுங்க. சத்தம் ஒரு செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். ஸ்பீக்கர் 34 மீட்டர் தள்ளி இருந்தா, இசை பாடகி காதுக்கு வர செகண்டுல பத்துல ஒரு பங்கு ஆகும். அது என்ன பெரிய தாமதமா? நிமிஷத்துக்கு 120 தட்டு போற பாட்டுல ஒரு தட்டுக்கு அரை செகண்ட். அதுல அஞ்சுல ஒரு பங்கு போச்சு! பாடகி, தனக்குக் கேட்ட இசைக்குத் தாளம் தப்பாமத்தான் பாடுவாங்க. ஆனா ஒலிக்கலவை அறையில அது மொத்தமும் பின்தங்கிக் கேட்கும். வீட்டுல இருக்கிறவங்க, “இந்தப் பொண்ணுக்குத் தாளமே நிக்கலையே”ம்பாங்க. பாவம், குத்தம் காத்தோடது.

அப்ப நடத்துறவரை டிவித் திரையில காட்டிடலாமேன்னு கேட்பீங்க. காட்டுறாங்க. ஆனா டிஜிட்டல்ல ஒவ்வொரு கருவியும் படத்தை ஒரு ஃபிரேம், ரெண்டு ஃபிரேம் பிடிச்சு வச்சுத்தான் விடும். செகண்டுக்கு 30 ஃபிரேம்னா ஒண்ணுக்கு 33 மில்லி செகண்ட். மூணு ஃபிரேம் தாமதம் ஆனா மறுபடியும் அதே பத்துல ஒரு பங்கு. கை கீழ இறங்குறதைப் பார்த்து ஆரம்பிச்சா ஏற்கெனவே லேட்டு.

வைத்தியம் என்ன? சின்னச் சின்ன ஸ்பீக்கரைச் செட்டுக்குள்ளயே ஒளிச்சு வைப்பாங்க, மேஜைக்கு அடியில, பூந்தொட்டிக்குப் பின்னாடி. பாடகியிலிருந்து மூணு நாலு மீட்டருக்குள்ள. ஆனா சத்தத்தை ஏத்தினா அதே இசை பாடகியோட மைக்குலயும் புகுந்து, ஒண்ணுக்கு ரெண்டாகி, பாத்ரூம்ல பாடின மாதிரி ஆயிடும். இறக்கினா அவங்களுக்குச் சுருதி கேட்காது. காதுக்குள்ள கருவி மாட்டலாம், ஆனா முகத்துக்கு நெருக்கமா கேமரா வரும்போது மடத்துக் கன்னிகை காதுல பிளாஸ்டிக் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?

மைக் எங்கேன்னு தேடுறீங்களா? நெத்தியில, முடி ஆரம்பிக்கிற இடத்துல. அரிசி மணி அளவுதான். கம்பி விக்குக்குள்ள போய் முதுகு வழியா இறங்கி இடுப்புல இருக்கிற டிரான்ஸ்மிட்டர்ல சேரும். எதிரி வியர்வை. ஒரு சொட்டு மைக்கோட வாயை அடைச்சா, குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும். அதனால முக்கியமானவங்களுக்கு ரெண்டு மைக், ரெண்டு டிரான்ஸ்மிட்டர். ஒண்ணு போனா ஒலிக்கலவைக்காரர் அடுத்ததுக்குத் தாவுவார்.

இன்னொரு எதிரி கட்டிப்பிடிக்கிறது! காதலர்கள் நெருங்கி நின்னு பாடும்போது ஒருத்தர் குரல் ரெண்டு மைக்குலயும் சின்ன இடைவெளியில விழும். ரெண்டும் சேர்ந்தா குரல் சல்லடையில சலிச்ச மாதிரி மெலிஞ்சு போகும். அதனால அணைச்ச உடனே ஒரு மைக்கை அடக்கிட்டு, இன்னொருத்தர் நெத்தி மைக்குலயே ரெண்டு பேரையும் எடுப்பாங்க. விலகினதும் திரும்ப ஏத்தணும். அணைப்பு எந்த வரியில, விலகல் எந்த வரியில, எல்லாம் ஸ்கிரிப்ட்ல குறிச்சிருக்கும். திடீர்னு உணர்ச்சிவசப்பட்டு ஒரு வரி முன்னாடியே கட்டிப்பிடிச்சா, உள்ள ஒருத்தருக்கு நெஞ்சு வலி.

[திரையில்: காலி இருக்கைகள். மூணு செகண்ட் எந்தச் சத்தமும் இல்லை.]

இப்ப அமைதியைக் கேட்டீங்களா? இதுதான் முதல் மூணு வருஷ நிகழ்ச்சிகளைக் கொன்னது. 2013, 2014, 2015ல என்பிசி ஸ்டூடியோவுக்குள்ள பார்வையாளர்களை உட்கார வைக்கல. மடத்துத் தலைவியா நடிச்ச ஆட்ரா மெக்டொனால்டு ‘கிளைம்ப் எவ்ரி மவுன்டன்’ பாடி உச்சத்துல நிறுத்துறாங்க, வீட்டுல சிலிர்க்குது, திரையில நிசப்தம். மேடைப் பாட்டோட கடைசி அடியை எழுதுறதே கைதட்டலுக்காகத்தான். கைதட்டல் வரலேன்னா, தும்மல் வந்து நின்னு போன மாதிரி ஒரு அவஸ்தை.

2014 ‘பீட்டர் பேன் லைவ்’ல இது உச்சம். அந்த நாடகத்துல குட்டித் தேவதை டிங்கர் பெல் சாகக் கிடப்பா. “தேவதைகளை நம்புறவங்க கைதட்டுங்க”ன்னு பீட்டர் நேரா ஜனங்களைப் பார்த்துக் கேட்பான். அரங்கமே தட்டும், அவ பிழைச்சுக்குவா. நூறு வருஷத்துக்கு மேல குழந்தைகளை அழ வச்ச இடம். டிவியில பீட்டரா நடிச்ச அலிசன் வில்லியம்ஸ் கேமராவைப் பார்த்துக் கேட்கிறாங்க. ஸ்டூடியோவுல தட்ட ஆளே இல்லை! பார்த்தவங்க 92 லட்சம். முந்தின வருஷத்துல பாதி.

1955ஐ இதோட ஒப்பிட்டுப் பாருங்க. மேரி மார்ட்டின் கோஷ்டி, நியூயார்க்கோட நாடக வட்டாரமான பிராட்வேயில அதே நாடகத்தை 152 தடவை நடிச்சு முடிச்சிருந்தாங்க. பிப்ரவரி 26ல கடைசி ஆட்டம், மார்ச் 7ல டிவி. எந்த வசனத்துக்கு எவ்வளவு நேரம் சிரிப்பு வரும், எங்க நிறுத்தி மூச்சு விடணும், எல்லாம் உடம்புல ஊறியிருக்கும். இப்ப வர்ற நட்சத்திரங்களுக்கு முதல் ஆட்டமும் கடைசி ஆட்டமும் ஒரே ராத்திரி.

‘கிரீஸ்’ ஆட்கள் பார்வையாளர்களைச் செட்டுக்குள்ளயே நிரப்பினாங்க, பள்ளிக்கூட ஜிம்முல வேடிக்கை பார்க்கிற கூட்டமா. மேடைக்குத் தாமஸ் கெய்ல், நேரலை கேமராவுக்கு அலெக்ஸ் ருட்ஜின்ஸ்கின்னு ரெண்டு இயக்குனர். வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோ முழுக்கச் செட்டு, விளம்பர இடைவெளியில நடிகர்களைக் கோல்ஃப் வண்டியில ஏத்திக்கிட்டு ஓடுவாங்க. அன்னிக்குன்னு பார்த்து மழை! முதல் பாட்டுக்கு ஜெஸ்ஸி ஜே பாடிக்கிட்டே வர, சுத்தி எல்லாரும் குடை. யாரும் குறை சொல்லல. அந்தக் குடைதான் ‘இது லைவ்’ங்கிறதுக்கு அத்தாட்சி. 1 கோடியே 22 லட்சம் பேர், அஞ்சு எம்மி விருது.

கூட்டம் வச்சா மட்டும் எல்லாம் சரியாயிடுமா? கூட்டத்துக்குப் பாட்டு கேட்க பெரிய ஸ்பீக்கர் வேணும், அது மைக்குல புகும். 2018 ஏப்ரல் 1, புரூக்ளின் ஆயுதக் கிடங்குல ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’. வாத்தியக்காரங்க மேடையிலயே. இசை பிரமாதம், ஆனா ஏசுவா நடிச்ச பாடகர் ஜான் லெஜண்ட் வந்து நின்னாலே கூட்டம் கத்துற கத்துல சில இடத்துல வரி காதுல விழல. சாகப்போற ஏசுவுக்கு விசில் அடிச்சா எப்படிங்க!

[திரையில்: கட்டுப் போட்ட கால்]

சரி, ‘ரென்ட்’ கடன் பாக்கி இருக்கு. பிராட்வேயில பெரிய பாத்திரத்துக்கெல்லாம் அண்டர்ஸ்டடி உண்டு. பாட்டு, வசனம், நடை எல்லாம் பாடமா வச்சுக்கிட்டுக் காத்திருக்கிற மாற்று நடிகர். வாரத்துக்கு எட்டு ஆட்டம் ஓடினா அந்தச் சம்பளம் கட்டுப்படியாகும். ஒரே ஒரு ஆட்டத்துக்காக? கேமராவுக்கு எங்க நிக்கணும், எந்த அடியில திரும்பணும்னு முதல் ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கவே வாரக்கணக்கு ஆகுது. அதனால விட்டுட்டாங்க. அவங்களோட காப்பீடு, ரிகர்சலை முழுசாப் பதிவு பண்ணி வைக்கிறதுதான். ஆனா ரிகர்சல்ல குரலைச் சேமிச்சுப் பாடுறது பாடகர்கள் வழக்கம். அன்னிக்கு அரங்கத்துக்கு வந்த கூட்டத்துக்கு ஹன்ட்டை உட்கார வச்சு கச்சேரி மாதிரி நடத்தினாங்க. வீட்டுல இருந்தவங்களுக்கு ரிகர்சல். பார்த்தது 34 லட்சம் பேர்.

இன்னொரு சின்ன ரகசியம்: கலிபோர்னியாவுல இருக்கிறவங்களுக்கு இந்த லைவ் எதுவும் பெரும்பாலும் லைவ் கிடையாது. மூணு மணி நேரம் கழிச்சுத்தான் ஓட்டுவாங்க. மீம் முதல்ல வரும், நிகழ்ச்சி அப்புறம்.

அடுத்த தடவை இது மாதிரி எதையாவது பார்த்தா ஒரு வேலை பண்ணுங்க. பாட்டோட கடைசி அடி முடிஞ்சதும் மூணு செகண்ட் எண்ணுங்க. கைதட்டல் மெதுவா ஏறினா, கூட்டத்துக்கு வச்ச மைக்கை அப்பத்தான் ஒருத்தர் ஏத்துறார். சத்தமே இல்லாம நேரா விளம்பரத்துக்குப் போயிட்டா, அரங்கத்துல ஆள் இல்லைங்கிறதை மறைக்கிறாங்க. எந்த நிகழ்ச்சி, எந்தப் பாட்டுன்னு கண்டுபிடிச்சுக் கீழ எழுதுங்க. சப்ஸ்கிரைப் பட்டனையும் தட்டிடுங்க. டிங்கர் பெல்லுக்குத்தான் யாரும் தட்டல, நமக்காவது தட்டுங்கப்பா.