விளக்கு வைக்கும் நேரத்தில் பூனை எங்கே?

நேயர்களுக்கு வணக்கம். இந்த ராமநாதபுரம் கரையோரத்தில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆடு, மாடு, கோழி என்று ஓடிய காலம் போய், இப்போது என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் பூனைக்காரர்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர், பூனையை வீட்டுக்குள்ளேயே வைக்கணுமா, வெளியே விடலாமா?" நானும் இதில் ரொம்ப காலம் மதில்மேல் பூனையாகத்தான் இருந்தேன். எந்தப் பக்கம் இறங்கினேன் என்று சொல்கிறேன்.

நம் பக்கத்துப் பூனை செல்லப்பிராணியாக வீட்டுக்குள் வரவில்லை, வேலைக்கு வந்தது. சுருட்டி வைத்த வலையை எலி கடித்துவிட்டால் நஷ்டம் யாருக்கு? அதற்காக வளர்த்தது. வீடுகளும் அப்படி. ஓட்டு வீட்டில் கதவைச் சாத்தினால் அது ஓட்டு இடுக்கு வழியாகப் போகும். அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சொல்லும் யோசனையைத் தங்கச்சிமடத்தில் அப்படியே சொன்னால் சிரிப்பார்கள்.

சரி, வெளியே என்ன இருக்கிறது? ஒருநாள் பாம்பனிலிருந்து ஓர் அம்மா பழைய சேலையில் பூனையைச் சுற்றிக்கொண்டு வந்தார். அதன் வாயோரம் விரல் நீளத்துக்குத் தங்கூசி, அதாவது தூண்டில் நரம்பு, தொங்கியது. "இழுத்துப் பார்த்தேன் சார், வரல." இழுக்கவே கூடாது. மறுமுனை குடல் வரை போயிருந்தால், இழுக்க இழுக்க அந்த நரம்பு குடலை அறுத்துவிடும். வெளியே தெரிகிற துண்டைக்கூட வெட்டாமல், அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் வர வேண்டும். அன்றைக்கு அதிர்ஷ்டம், தூண்டில் முள் தொண்டையிலேயே நின்றிருந்தது. மயக்க ஊசி போட்டு எடுத்தோம்.

அப்புறம், பந்துபோல் ஊதிக்கொள்ளும் பேத்தை மீன். வலையில் வந்ததைக் கரையில் ஒதுக்கிப் போட்டுவிடுகிறோம். அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கிற நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. தின்ற பூனைக்குக் கால்கள் விளங்காமல் போய், கடைசியில் மூச்சு நின்றுவிடும். நாய்க்கூட்டம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு லாரி, கருவாடு காய்கிற இடத்தில் யாராவது ஊற்றும் வெந்நீர் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

இதுவரை பூனைக்கு வரும் ஆபத்து. பூனையால் வரும் ஆபத்தும் இருக்கிறது. தனுஷ்கோடி மணலில் விடிகாலையில் நடந்திருக்கிறீர்களா? அங்கே சிட்டுக்குருவி அளவில் ஒரு பறவை ஓடி ஓடி நிற்கும். அனுமன் உப்புக்கொத்தி. இதைத் தனி இனம் என்று ஆய்வாளர்கள் பிரித்தது 2023இல்தான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் குஞ்சு பொரிப்பது. கூடு என்று ஒன்றும் கட்டாது. மணலில் ஒரு சின்னக் குழி, அதில் மணல் நிறத்திலேயே இரண்டு மூன்று முட்டை. ஆள் நெருங்கினால் சிறகு ஒடிந்ததுபோல் நடித்துத் தூர இழுத்துப் போகும். மனிதன் ஏமாறுவான். இரவில் மோப்பம் பிடித்து வரும் பூனை ஏமாறுமா? சிறு ஆலா என்ற கடற்பறவைகளும் இப்படித் தரையில்தான் முட்டையிடுகின்றன.

நியூசிலாந்தில் ஸ்டீபன்ஸ் தீவு என்று ஒன்று. 1894இல் அங்கே கலங்கரை விளக்கம் வந்தது, கூடவே பூனையும் வந்தது. பறக்கத் தெரியாத ஒரு குருவியினம் அந்தத் தீவில் மட்டும் மிஞ்சியிருந்தது. சில ஆண்டுகளுக்குள் அது பூண்டோடு போயிற்று. பாம்பனிலும் கீழக்கரையிலும் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வரும்.

இதைச் சொன்னபோது கீழக்கரையில் ஒரு பெரியவர் மடக்கினார். பூனையைச் சாகும்வரை அடைத்து வைத்ததற்காக நரகத்துக்குப் போன பெண்ணைப் பற்றிய நபிமொழி தெரியாதா என்றார். தெரியும். அந்தப் பெண் தானும் தீனி போடவில்லை, பூச்சி புழுவைத் தேடித் தின்னவும் விடவில்லை. குற்றம் அங்கே இருக்கிறது. வேளைக்குச் சோறும் தண்ணீரும் வைத்து, ராத்திரி மட்டும் உள்ளே படுக்க வைத்தால் அது சிறையா, பாய் என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றார்.

ஆக, என் முடிவு இதுதான். பகலில், உங்கள் கண்பார்வையில், வாசலிலும் முற்றத்திலும் திரியட்டும். விளக்கு வைக்கும் நேரத்திலிருந்து நன்றாக விடியும் வரை உள்ளே. பூனைக்கு வேட்டைப் புத்தி ஏறுவது மசங்கலிலும் விடிகாலையிலும்தான். கடுவன்கள் சண்டை போட்டுக் காது கிழிந்து வருவதும் பெரும்பாலும் இரவில்தான். தனுஷ்கோடிப் பக்கம், பறவைகள் முட்டையிடும் மணலை ஒட்டி இருப்பவர்கள் மட்டும் பகலிலும் வெளியே விடாதீர்கள். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கதவு விஷயத்துக்கு முன்னால் கருத்தடை. ஐந்தாறு மாதத்தில் செய்துவிடலாம். பெட்டைக்குச் சினைக்காலம் ஒன்பது வாரந்தான், விட்டால் வீடு தாங்காது. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதக் குட்டியிலேயே தொடங்குங்கள். ஊர்ப்பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, மஞ்சள் வைக்காமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உள்ளே அடைத்தால் கத்துமே என்பீர்கள். கத்தும். ஒரு பழைய பேசினில் காய்ந்த மணலைக் கொட்டி மூலையில் வையுங்கள், பீடையில்லாமல் அதிலேயே போய்விட்டு மூடும். எங்கள் வீட்டுப் பூனை முதல் ஐந்து ராத்திரி தெருவையே எழுப்பியது. என் மனைவி ஆறு மணிக்கு அவித்த சூடை மீனைத் தட்டில் வைத்து, கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவாள். இப்போது அந்தச் சத்தத்துக்கு எந்த மதிலில் இருந்தாலும் குதித்து வந்துவிடுகிறது. நீங்கள் இதைக் கேட்கும் நேரம் ஆறு தாண்டியிருக்கும். அது உள்ளேதான் இருக்கும்.