தொடுவானமும் ஏதென்ஸின் எல்லைக்கல்லும்

[காட்சி: அதிகாலைக் கடற்கரை. கேமரா ஆள் உயரத்தில்.]

கடலும் வானமும் ஒட்டிக்கொள்கிற அந்தக் கோட்டைப் பாருங்கள். நாம் தொடுவானம் என்போம், அடிவானம் என்போம். ஆங்கிலத்தில் ஹொரைசன். அந்த ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிப் போனால், தரையில் நட்ட ஒரு கல்லில் போய் நிற்கிறது.

[காட்சி: ஏதென்ஸ் நகரின் அகோரா. கல், மிக நெருக்கத்தில்.]

இதுதான் அந்தக் கல். அகோரா என்பது பழைய ஏதென்ஸின் சந்தைத்திடல். கி.மு. 500 வாக்கில் அதன் ஓரத்தில் நட்ட பளிங்குக் கல் இது, இன்றும் நட்ட இடத்திலேயே இருக்கிறது. மேல் விளிம்பில் எழுத்துகள் ஓடுகின்றன. "நான் அகோராவின் எல்லை" என்று கல்லே பேசுகிறது. அதில் எல்லையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'ஹொரொஸ்'. எல்லைக்கும் எல்லைக்கல்லுக்கும் அதே சொல்தான்.

ஹொரொஸிலிருந்து எல்லை வகுப்பதற்கு ஒரு வினைச்சொல் பிறந்தது. அதிலிருந்து 'ஹொரீசோன் கூக்லொஸ்', அதாவது எல்லை வகுக்கும் வட்டம். பிறகு வட்டம் உதிர்ந்து, ஹொரீசோன் மட்டும் லத்தீன், பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. அந்த வட்டம் உதிர்ந்ததில் எனக்கு வருத்தம்தான். நடுக்கடலில் படகில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் தெரியும், அது கோடே இல்லை, முழு வட்டம்!

[காட்சி: கரையில் நிற்பவர், வளைந்த பூமி, பார்வைக் கோடு.]

அந்த வட்டம் எவ்வளவு தூரத்தில்? கண் கடல்மட்டத்திலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 4.5 கிலோமீட்டர். அவ்வளவுதான். நான்கு மடங்கு உயரம் ஏறினால் தூரம் இரண்டு மடங்காகும்.

சரி, நம் சொல்லுக்கு வருவோம். தொடுவானம் ஒரு வினைத்தொகை. தொட்ட வானம், தொடுகின்ற வானம், தொடும் வானம், மூன்று காலமும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. கிரேக்கர் 'இதோடு முடிந்தது' என்று பார்த்த இடத்தில், நாம் 'இங்கே தொடுகிறது' என்று பார்த்திருக்கிறோம்.

[காட்சி: 2019இல் வெளியான கருந்துளைப் படம்.]

அப்புறம், கருந்துளை. ஒளிகூட உள்ளே போனால் திரும்பாத அந்த விளிம்புக்கு 1956இல் வுல்ஃப்காங் ரிண்ட்லர் என்ற இயற்பியலாளர் வைத்த 'ஈவென்ட் ஹொரைசன்' என்ற பெயரிலும் ஹொரைசன் உண்டு. தமிழில் அதற்கு வானம் பொருந்தவில்லை. 'நிகழ்வெல்லை' என்கிறோம். ஏதென்ஸ் கல்லில் வெட்டியிருக்கும் அதே எல்லை.

[காட்சி: மீண்டும் அகோரா கல். எழுத்துகள் மீது வெயில்.]