ஆவுளியாவுக்கும் கோயில் யானைக்கும் பாட்டன் ஒண்ணு

வணக்கம் மக்களே. காத்து இரையுதா? குந்துகால் கரையில நிக்கிறேன். மைக்குல துணி சுத்தியிருக்கேன், பொறுத்துக்கங்க.

போன வாரம் அப்பத்தாகிட்ட வாயக் குடுத்துட்டேன். வலையில நண்டு எடுத்துக்கிட்டு இருந்தாக. "அப்பத்தா, நம்ம கடல் ஆவுளியாவுக்கும் ராமேஸ்வரம் கோயில் யானைக்கும் பாட்டன் பூட்டன் ஒண்ணு தெரியுமா?"ன்னேன். கை அப்படியே நின்னுபோச்சு. "அப்ப ஆண்டவரு எதுக்குடி?"ன்னு கேட்டாக.

வெளியூர்க்காரங்களுக்கு: ஆவுளியான்னா கடல் பசு. பேருதான் பசு. பசுவுக்கு மடி பின்னங்கால் நடுவுல. ஆவுளியாவுக்குத் துடுப்புக்குப் பின்னால, அக்குள் பக்கம். யானைக்கும் முன்னங்கால் நடுவுலதான். துடுப்புத் தோலை உரிச்சா உள்ள அஞ்சு விரல் எலும்பு இருக்கும். ஆணுக்குத் தந்தம் கூட முளைக்கும். தண்ணியிலேயே கிடக்குது, ஆனா மூச்சுக்கு மேல வந்தாகணும். டி.என்.ஏ.வும் அதே சொந்தத்தைத்தான் சொல்லுது. "அக்குள்ல மடின்னு எனக்கே தெரியும்டி, சின்னப் புள்ளையில கரையில கெடந்ததைப் பாத்திருக்கேன்"னாக அப்பத்தா. யானை விஷயத்தை மட்டும் நம்பல.

உசுருக தலைமுறை தலைமுறையா மாறி வந்துச்சுன்னு சொல்ற இந்தப் பரிணாமத்துக்கு எங்க கத்தோலிக்கத் திருச்சபை தடை போடல. 1950-ல போப் பன்னிரண்டாம் பயஸ், மனுச உடம்பு எதுலேர்ந்து வந்துச்சுன்னு ஆராயலாம், ஆத்துமாவை ஆண்டவர் நேராப் படைக்கிறாருன்னு எழுதினாரு. 1996-ல இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் அனுமானத்துக்கும் மேலன்னே சொல்லிட்டாரு. நம்ம தெருவுலதான் இன்னும் சண்டை.

எனக்கு எரிச்சல் வர்றது வேற இடத்துல. என் ஃபிரெண்டு ஒருத்தன், "புல்லாகிப் பூடாகி"ன்னு மாணிக்கவாசகர் அப்பவே டார்வினைச் சொல்லிட்டாருங்கறான். அடேய், அது ஒரே உயிர் பிறவி பிறவியா எடுத்து இளைச்ச கதைடா. டார்வின் சொன்னது தலைமுறை தலைமுறையா உடம்பு மாறுற கணக்கு. எங்க ஆளுகளும் லேசுப்பட்டவுக இல்ல, பைபிள்ல ஆண்டவர் உலகத்தைப் படைச்ச ஆறு நாளை ஆறு யுகமா நீட்டிப் பொருத்திப் பாப்பாக. பாட்டைப் பாட்டா விடுங்கப்பா.

அப்பத்தா ஒரு சினை நண்டைத் தூக்கிக் காட்டி, "இதுல எம்புட்டு முட்டை?"ன்னாக. லட்சக்கணக்குலன்னேன். "பொழைக்கிறது?" ரொம்பக் கொஞ்சம்னேன். பேச்சே இல்ல. ஆதாம் ஏவாளை விட இதுதான் அவுகளுக்கு உறுத்துச்சு. எனக்கும்தான். செத்தது போக மிஞ்சினதுலேர்ந்துதான் அடுத்த தலைமுறைன்னா, இத்தனை சாவு வழியாத்தான் படைப்பு நடக்கணுமா? டார்வினுக்கும் இது உறுத்தியிருக்கு. புழுவை உசுரோட உள்ளருந்து தின்னுற குளவியை, நல்ல ஆண்டவர் ஒருத்தர் வேணும்னு படைச்சிருப்பாருன்னு நம்ப முடியலன்னு 1860-ல ஆசா கிரேக்கு எழுதினாரு. கிரே செடிகொடி ஆராய்ச்சிக்காரரு, பக்தியான கிறிஸ்தவரு. பரிணாமத்தையும் ஏத்துக்கிட்டாரு, செபத்தையும் விடல. நானும் அந்தக் கட்சிதான், ஆனா குளவிக்கு எங்கிட்டப் பதில் இல்ல.

அப்பத்தா அந்த நண்டைத் திரும்பக் கடல்ல போட்டுட்டு, "யானைக்கு எங்கன மடின்னு கூட்டிட்டுப் போய்க் காட்டு"ன்னாக. வெள்ளிக்கிழமை போறோம். கோயிலுக்குள்ள கேமரா விடமாட்டாக, அதனால அது வீடியோவா வராது.