கெர்ரியைக் கவிழ்த்தது விளக்கமா, ஒற்றை வரியா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து இந்த ஆலய மண்டபத்துக்குத் திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். போர் குறித்த தன் நிலைப்பாட்டை ஒரு வேட்பாளர் ஒற்றை வரியில் அறிவிப்பது சிறப்பா, காரணங்களோடு விளக்குவது சிறப்பா என்பது இன்றைய பட்டிமன்ற வழக்கு. விளக்கியே ஆக வேண்டும் என்ற அணிக்காக வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 2004ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலை எடுத்துக்காட்டிப் பலத்த கைதட்டல் பெற்றார். ஈராக் போரைப் பற்றி ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரி விளக்கிக்கொண்டே இருந்தார், அதனால்தான் அதிபர் புஷ்ஷிடம் தோற்றார் என்றார். அவர் பாதியில் நிறுத்திய கதையை நான் தொடர்கிறேன். ஈராக் மீது படையெடுக்க அதிபருக்கு அதிகாரம் அளிக்கும் தீர்மானம் 2002 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் சபைக்கு வந்தபோது, அதன் உறுப்பினராக இருந்த கெர்ரி அதை ஆதரித்து வாக்களித்தார். மறு ஆண்டு அக்டோபரில், ஈராக், ஆப்கானிஸ்தான் செலவுகளுக்கு 8,700 கோடி டாலர் ஒதுக்கும் மசோதா வந்தபோது எதிர்த்து வாக்களித்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு செய்தி இருக்கிறது. பெரும் பணக்காரர்களுக்குக் கொடுத்த வரிச் சலுகையைக் குறைத்து அந்தத் தொகையைத் திரட்ட வேண்டும் என்ற திருத்தத்தை அவர் செனட்டர் ஜோ பைடனோடு சேர்ந்து முன்மொழிந்து ஆதரித்தார். சபை அதை ஏற்கவில்லை. படைவீரனுக்குப் பணம் போகட்டும், ஆனால் அது யார் பையிலிருந்து போகிறது என்பதையும் முடிவு செய்துவிட்டுப் போகட்டும் என்பது எந்த ஊர்ச் சபையிலும் எழுந்து நின்று சொல்லக்கூடிய நியாயமான நிலை அல்லவா?

அதை அவர் எப்படிச் சொன்னார் தெரியுமா? 2004 மார்ச்சில் மேற்கு விர்ஜீனியாவில், அந்த 8,700 கோடியை எதிர்த்து வாக்களிப்பதற்கு முன்னால் தான் அதை ஆதரித்தே வாக்களித்ததாகச் சொன்னார். சொன்னது ஒரே ஒரு வரி. எது முன்னே, எது பின்னே என்ற வரிசை அதில் இருந்தது. ஏன் என்ற காரணம் இல்லை. எதிர்த்தரப்பு அந்த வரியை அப்படியே வெட்டித் தொலைக்காட்சி விளம்பரமாக்கி, நாளுக்கொரு பேச்சுப் பேசுகிறவர் என்று அவர்மேல் முத்திரை குத்தியது. ஆகவே கெர்ரியை வீழ்த்தியது நீண்ட விளக்கம் என்று எதிரணி சொல்வதை நான் ஏற்க மாட்டேன். இந்த வழக்கில் என் முதல் சாட்சியே அவர்தான். அழைத்து வந்த எதிரணிக்கு நன்றி.

அடுத்து ஐசனோவரைக் கொண்டுவந்தார்கள். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1952 அக்டோபரில், அதிபர் வேட்பாளராக, நான் கொரியாவுக்குப் போவேன் என்று அறிவித்தார், வென்றார் என்றார்கள். உண்மைதான். வென்றதும் பதவியேற்பதற்கு முன்பே போயும் வந்தார். 1953 ஜூலையில் போர்நிறுத்தமும் வந்தது. ஆனால் அதைச் சொன்னவர் ஐரோப்பாவில் நேச நாடுகளின் படைகளை வழிநடத்தி வென்ற தளபதி. அவருடைய வரலாறே அந்த வரிக்கு விளக்கமாக நின்றது. அப்படிப்பட்ட வரலாறு இல்லாத வேட்பாளர் அதே வரியைக் கடன் வாங்கினால் அது வெறும் பயண அறிவிப்பாகவே முடியும். இன்னொரு வரியையும் எதிரணி நினைவில் வைத்திருக்கலாம். ஆசிய இளைஞர்கள் செய்ய வேண்டியதைச் செய்ய அமெரிக்க இளைஞர்களை அனுப்பப் போவதில்லை என்று 1964 தேர்தலில் அதிபர் லிண்டன் ஜான்சன் சொன்னார். அடுத்த ஆண்டே வியட்நாமுக்குப் படை படையாக அனுப்பினார். எந்த நிலை வந்தால் அனுப்புவீர்கள் என்று யாராவது அவரிடம் விளக்கம் கேட்டுப் பெற்றிருந்தால், அந்த வரி அவ்வளவு எளிதில் காற்றில் போயிருக்காது.

அமெரிக்காவை விட்டு நம் ஊருக்கு வருவோம், நடுவர் அவர்களே. 1948 ஜூன் 16ஆம் நாள், இதே சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, காட்டுக்குள்ளிருந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேய ஆட்சி அறிவித்த அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்தது. சிதறிக் கிடந்த லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், ஓரிடத்தில் குவிக்கப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று, விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகிறவர் கையில் சோற்றுப் பொட்டலம் இருக்கிறதா என்று வேலி வாசலில் சோதித்துப் பறித்தார்கள். ஒரு போரின் விலை யார் தட்டிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை எந்த வேட்பாளரும் விளக்கித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நம் பாட்டிமார்கள் இல்லை.

அந்தப் போருக்கு நடுவில்தான் 1955 ஜூலையில் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. துங்கு அப்துல் ரஹ்மானின் கூட்டணி என்ன சொல்லி வாக்குக் கேட்டது? கம்யூனிஸ்டுகளை ஒழிப்போம் என்று மட்டும் முழங்கிவிட்டுப் போகவில்லை. விடுதலை வேண்டும், காட்டிலிருந்து வெளியே வருகிறவர்களுக்குப் பொதுமன்னிப்பு வேண்டும் என்று முடிவுக்கு ஒரு வழியையும் சேர்த்தே சொன்னது. 52 இடங்களில் 51 இடங்களை வென்றது. அதே ஆண்டு டிசம்பரில் துங்கு பாலிங் என்ற ஊருக்குச் சென்று, கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் சின் பெங்கோடு நேருக்கு நேர் அமர்ந்து பேசினார். மன்னிப்பு உண்டு, ஆனால் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு அங்கீகாரம் இல்லை என்பது அவர் கிழித்த கோடு. பேச்சு முறிந்தது, அவர் வெறுங்கையோடு திரும்பினார். இருந்தும், ஏமாற்றிவிட்டார் என்று அவரை யாரும் தூற்றுவதற்கு இடம் இருக்கவில்லை என்பது என் கணிப்பு. எதுவரை போவார், எங்கே நிற்பார் என்பது வெளிப்படையாக இருந்ததால், முறிவுக்குக் காரணமும் மக்களுக்கு விளங்கியது. கெர்ரிக்கு வாய்க்காத பாதுகாப்பு இது. 2002இல் அதிகாரம் கொடுத்தபோதே, ஐக்கிய நாடுகள் சபை வழியாகவும் நட்பு நாடுகளோடும்தான் போக வேண்டும் என்று அவர் செனட்டில் பேசியிருந்தார். அந்த நிபந்தனையை ஊர் ஊராகச் சொல்லியிருந்தால், அதிபர் அதை மீறிய நாளில் கெர்ரி தன் நிலையை மாற்ற வேண்டிய தேவையே வந்திருக்காது. மீறியவரைக் கைகாட்டினால் போதும்.

கடைசியாக எதிரணியின் தங்கை ஒருவர், உழைத்துக் களைத்த தோட்டத்து மக்களுக்கு நீண்ட விளக்கம் கேட்கப் பொறுமை ஏது என்று கேட்டார். வருத்தமாக இருந்தது, தங்கையே. ரப்பர் பாலை நிறுக்கும் பால் ஸ்டோரில் கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், எடையைக் குறித்துவிட்டு, தண்ணீர் கலந்திருக்கிறது என்று கழித்துக்கொண்டால், எவ்வளவு கழித்தீர்கள், எதைக் கொண்டு அளந்தீர்கள் என்று வரிசையில் நின்று கேட்டவர்கள் இவர்கள். கால் நாள் கூலிக்கே கணக்குக் கேட்டவர்களிடம், பிள்ளைகளின் உயிரைக் கேட்டு வரும் ஒருவர், என்ன ஆதாரத்தை நம்பிப் போரை ஆதரிக்கிறார், எந்த எல்லையில் நிறுத்துவார், செலவை யார் தலையில் ஏற்றுவார் என்று சொல்லாமல் முழக்கத்தோடு போய்விடலாம் என்று தீர்ப்பளிக்க வேண்டாம் என நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.