கிணறு உவர்த்தால் ஆழமாக்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம். ஆவணி பிறந்தால் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரமாகக் கிடக்கும் எழுவான்கரைப் பக்கமிருந்து என்னிடம் வருகிற கேள்வி ஒன்றுதான்: "கிணறு உவர்க்குது சேர், இன்னும் ரெண்டு கொட்டு இறக்கிப் பார்ப்பமா?" கொட்டு என்றால் கிணற்றுக்குள் இறக்கும் கொங்கிறீட் வளையம். வேண்டாம் என்பேன்.

யாழ்ப்பாணக் கணக்கு இங்கே சரிவராது. அங்கே காலுக்குக் கீழே மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்துமாக இருக்கிற அந்தப் படிவுப் பாறை நீரைத் தேக்கும். மட்டக்களப்பின் அடியில் கிடப்பது விஜயன் தொகுதி எனப்படும் மிகப் பழைய உருமாறிய பாறை. வெடிப்பு வாய்த்த இடத்தில் தண்ணீர். வாய்க்காவிட்டால் காசு போனதுதான். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் குழாய்க்கிணறு அடித்தவர்களுக்கு இது தெரியும்.

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி வழியே நீளும் மணல்திட்டு வேறு ரகம். அது பாறைக்கு மேலே படிந்த மணல், இடையிடையே களி. கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டிலும் உப்பு. நடுவில் நம் கிணறுகளில் ஊறுவது மழைத்தண்ணி. அதில் பெரும் பங்கு கார்த்திகை முதல் தை வரை பெய்கிற மாரி. அது உப்புநீரை விட இலேசு என்பதால் அதன் மேலே மிதக்கிறது.

1888 இல் நெதர்லாந்தின் பேடன் கைபனும் 1901 இல் ஜெர்மனியின் ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே போட்ட கணக்கு இது: கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும். நம் மணல் பல இடங்களில் அதற்கு முன்பே களியிலோ பாறையிலோ முடிந்துவிடும், அது வேறு கதை. திருப்பிப் போட்டுப் பாருங்கள். இறைத்து இறைத்து நீர்மட்டம் 1 அங்குலம் இறங்கி அப்படியே நின்றால், அடியில் உப்பு 40 அங்குலம் ஏற வழி பிறக்கிறது. இந்த நேரத்தில் கொட்டு இறக்குவது உப்பைத் தேடிப் போவதுதான்.

2004 மார்கழி 26 இற்குப் பிறகு இதைக் கண்ணால் கண்டோம். கடல் புகுந்த கிணறுகளை மோட்டர் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பக்கத்தில் ஊற்றிய உப்பு மணலில் இறங்கி அதே கிணற்றுக்கு வந்தது. அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் கீழிருந்தும் ஏறியது. கடைசியில் கழுவிக் கொடுத்தது அடுத்தடுத்த மாரிகள்தான்.

சரி, என்ன செய்யலாம்? மோட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள், ஊறட்டும். உறிஞ்சு குழாயின் வாயை அடிமட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டுங்கள். குடிக்க உன்னிச்சைக் குளத்துக் குழாய்நீர் கிடைக்கிற வீடுகள் அதையே குடிக்கலாம். மலசலக்குழி கிணற்றை நெருங்கியிருந்தால் இது இன்னும் முக்கியம்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், குழியிலிருந்து கசிந்து கரைந்திருக்கும் நைத்திரேற்று போகாது.

எனக்குக் கோபம் வருவது முற்றம் முழுக்கக் கொங்கிறீட் போட்டு, மாரித் தண்ணியை வீதிக் கானுக்கு விடுகிற பழக்கத்தில். கொட்டுக்கு வைத்த காசில் கூரைக்கு ஒரு பீலி கட்டி, தண்ணியை வளவு மணலில் இறக்குங்கள். ஐப்பசியின் முதல் மழையை மட்டும் வெளியே விடுங்கள். கூரைத் தூசியும் காக்கை எச்சமும் அதோடு போகட்டும்.