1744இலிருந்து 1727க்கு: ஒரு நாடு தன் பிறந்த ஆண்டை மாற்றிக்கொண்ட கதை

(ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

2022ஆம் ஆண்டு ஜனவரிக் கடைசியில் சவூதி அரேபியாவின் மன்னர் சல்மான் ஓர் ஆணை பிறப்பித்தார். இனி ஆண்டுதோறும் பிப்ரவரி 22 நாட்டின் நிறுவன நாள். அன்று பொது விடுமுறை. 1727 பிப்ரவரியில் முஹம்மது பின் சவூத் என்பவர் திரிய்யா என்ற ஊரின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றதை நினைவுகூரும் நாள் அது. விடுமுறை அறிவிப்புதானே என்று பலர் கடந்துபோனார்கள். அந்த நாட்டின் வரலாற்றைத் தொடர்ந்து படித்து வருபவர்களால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. முதல் சவூதி அரசு எப்போது தொடங்கியது என்று கேட்டால், அதுவரை எல்லோரும் சொல்லிவந்த ஆண்டு 1744. அந்தப் பதினேழு ஆண்டு வித்தியாசத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1744இல் என்ன நடந்தது? நடு அரேபியாவின் நஜ்த் பகுதியில் உயைனா என்ற ஊரில் பிறந்த மார்க்க அறிஞர் முஹம்மது பின் அப்துல் வஹ்ஹாப். இறைவன் ஒருவனே, அவனுக்கும் அடியானுக்கும் இடையே யாரும் இல்லை, கபுறுகளிடமும் (அடக்கத்தலங்களிடமும்) மரங்களிடமும் வேண்டுவது இணைவைத்தல் என்று கடுமையாகப் பிரசாரம் செய்தார். கட்டப்பட்ட கபுறுகளை இடித்தார். கிழக்குப் பகுதியை ஆண்ட பனூ காலித் தலைவர் நெருக்குதல் கொடுக்கவே, உயைனாவின் அமீர் அவரை ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார். அடைக்கலம் தேடி அவர் வந்து சேர்ந்த இடம் திரிய்யா. அங்கே அவருக்கும் ஆட்சியாளர் முஹம்மது பின் சவூதுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. ஆட்சி சவூத் குடும்பத்துக்கு, மார்க்க வழிகாட்டுதல் ஷேக்குக்கு. வாள் பிரசாரத்தைக் காக்கும். பிரசாரம் வாளுக்கு நியாயம் தரும். பிறகு இரண்டு குடும்பங்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. பின்னாளில் மன்னரான ஃபைசலின் தாய், ஷேக்கின் வழிவந்த ஆல் அஷ்ஷேக் குடும்பத்துப் பெண்.

இப்போது 1727ஐப் பாருங்கள். அந்த ஆண்டில் முஹம்மது பின் அப்துல் வஹ்ஹாபுக்கு இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள்தான். திரிய்யாவுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நாட்டின் தொடக்கத்தை 1727க்கு நகர்த்தினால், அந்தத் தொடக்கத்தில் மார்க்க அறிஞர் இல்லை, உடன்பாடு இல்லை. சவூத் குடும்பம் மட்டுமே இருக்கிறது. ஒரு வரிகூட அவரைக் கண்டித்து எழுதாமல், அவரை நாட்டின் பிறப்பிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். பட்டத்து இளவரசர் முஹம்மது பின் சல்மான் 2021இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இதை வேறு விதமாகச் சொன்னார். தன் எழுத்துகளையே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுகிறார்கள் என்பதை அந்த ஷேக் எழுந்து வந்து பார்த்தால், முதலில் எதிர்ப்பவர் அவராகத்தான் இருப்பார் என்றார். பேட்டியை மறந்துவிடலாம், ஆண்டுதோறும் வரும் விடுமுறையை மறக்க முடியாது.

இந்த நாட்டுக்கு அந்தக் குடும்பத்தின் பெயர் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் சவூதி அரசை 1818இல் எகிப்தின் இப்ராஹீம் பாஷா திரிய்யாவோடு சேர்த்துத் தரைமட்டமாக்கினார். ரியாத்தை மையமாகக் கொண்ட இரண்டாவது அரசு 1891இல் ஹாயிலின் ஆல் ரஷீத் குடும்பத்திடம் தோற்றது. சவூத் குடும்பம் குவைத்தில் தஞ்சம் புகுந்தது. அங்கிருந்து புறப்பட்ட இளைஞர் அப்துல் அஸீஸ் 1902இல் ரியாத்தை மீட்டார். 1913இல் கிழக்கே அல்அஹ்சா, 1921இல் வடக்கே ஹாயில், 1924இல் தாயிஃபும் மக்காவும், 1925 முடிவதற்குள் மதீனாவும் ஜித்தாவும் அவர் கைக்கு வந்தன. அவருக்காகப் போரிட்டவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் இக்வான் என்ற பதுவியப் படையினர். வஹ்ஹாபியப் பிரசாரத்தால் நாடோடி வாழ்க்கையை விட்டுக் குடியிருப்புகளில் அமர்ந்தவர்கள் அவர்கள்.

பிடித்த பகுதிகள் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. ஹிஜாஸ் பல நாட்டு ஹாஜிகளும் வணிகர்களும் வந்து கலந்த மண். மக்காவின் ஹரம் பள்ளிவாசலில் நான்கு மத்ஹபுகளுக்கும், அதாவது மார்க்கச் சட்ட மரபுகளுக்கும், நான்கு தொழுகை நிலைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் இமாம். காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ கப்பலேறிப் போன ஷாஃபி ஹாஜிக்கு அங்கே தன் மத்ஹபின் இமாம் இருந்தார். சவூதி ஆட்சி வந்ததும் நான்கும் ஒன்றாக்கப்பட்டன. எல்லோரும் ஒரே இமாமின் பின்னால் தொழுவதை மார்க்க ஒற்றுமையாகக் கண்டு மகிழ்ந்தவர்களும் உண்டு. அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த ஒரே இமாமை நியமிக்கும் அதிகாரம் யாரிடம் போனது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 1926இல் மதீனாவின் ஜன்னத்துல் பகீ அடக்கத்தலத்தில் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. இந்திய முஸ்லிம்கள் கொந்தளித்தார்கள். கிலாஃபத் இயக்கத்தின் அலி சகோதரர்கள் ஹிஜாஸ் எந்த மன்னருக்கும் உரியதாக இல்லாமல், உலக முஸ்லிம்களின் பொறுப்பில் ஒரு குடியரசாக வேண்டும் என்று விரும்பியவர்கள். அதே ஆண்டு மக்காவில் கூடிய மாநாட்டுக்கு அவர்கள் போனபோது, அப்துல் அஸீஸ் ஹிஜாஸின் மன்னராக முடிசூடிச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

இக்வானும் அவருக்குத் தொல்லையானார்கள். ஆங்கிலேயரின் பாதுகாப்பில் இருந்த இராக், குவைத் எல்லைகளைத் தாண்டித் தாக்குவதை நிறுத்தச் சொன்னார், கேட்கவில்லை. 1929இல் சபிலா என்ற இடத்தில் அவர்களை முறியடித்தார். மார்க்கத்தின் பெயரால் திரட்டிய படையை அரசின் பெயரால் ஒடுக்கிய நாள் அது. இதே கதை பின்னால் இன்னும் பெரிதாகத் திரும்பியது.

1932 கோடையில் ஹிஜாஸின் வடக்கே இப்னு ரிஃபாதா என்ற பழங்குடித் தலைவர் கிளர்ந்தெழுந்தார். ஜூலைக்குள் அது அடக்கப்பட்டது. செப்டம்பரில் வந்தது பெயர் மாற்றம். அதுவரை நாட்டின் பெயர் 'ஹிஜாஸ், நஜ்த் மற்றும் அவற்றைச் சார்ந்த பகுதிகளின் அரசு'. நீளமான பெயர்தான், ஆனால் அதில் மண் இருந்தது. மக்காக்காரர் தன் ஊர்ப் பகுதியின் பெயரை அதில் காணலாம். ஹிஜாஸ் ஹிஜாஸ்காரர்களுக்கே என்று கோரியவர்களுக்கு அந்தப் பெயரே பிடிமானமாக இருந்தது. புதிய ஆணை, குடிமக்கள் அனுப்பிய தந்திகளையும் பொதுமக்களின் விருப்பத்தையும் காரணமாகச் சொல்லி, 'அல்மம்லகா அல்அரபிய்யா அஸ்ஸவூதிய்யா' என்று பெயரிட்டது. சவூதி அரபு அரசு. செப்டம்பர் 23 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஹிஜாஸும் நஜ்தும் பெயரிலிருந்து மறைந்தன.

அரசகுடும்பத்தின் பெயரைத் தாங்கிய நாடுகள் வேறு இல்லையா என்று கேட்கலாம். ஐரோப்பாவில் லிக்டன்ஸ்டைன் இருக்கிறது. ஜோர்தானின் முழுப் பெயரில் ஹாஷிமியக் குடும்பம் இருக்கிறது. ஆனால் ஜோர்தான் குடிமகன் தன்னை ஜோர்தானியன் என்று சொல்லிக்கொள்ளும்போது அந்த ஆற்றின் பெயரைச் சொல்கிறான். சவூதி குடிமகனுக்கு அந்த வழி இல்லை. அவன் எந்தக் கோத்திரத்தவனாக இருந்தாலும், கதீஃபின் ஷியாவாக இருந்தாலும், ஆல் ரஷீத் குடும்பத்தில் பிறந்தவனாகவே இருந்தாலும், அவனுடைய கடவுச்சீட்டில் இருப்பது ஆளும் குடும்பத்தின் பெயர். குடிமகன் வேறு, குடும்பத்துக்குக் கட்டுப்பட்டவன் வேறு என்று பிரித்துச் சொல்ல இடமே விடாத பெயர் அது.

அப்படியென்றால் இத்தனை காலம் இவர்களை ஒன்றாக வைத்திருந்தது எது? தேசம் என்ற உணர்வு அல்ல. அதை வளர்க்க அரசே தயங்கியது. மார்க்க அறிஞர்களான உலமாக்கள் அதை எதிர்த்தார்கள். முஸ்லிமுக்கு இரண்டே பெருநாள்கள், மூன்றாவதாக ஒன்றைக் கொண்டாடுவது பித்அத், மார்க்கத்தில் இல்லாத புதுமை என்பது அவர்கள் நிலை. ரியாத்தை மீட்ட பொன்விழாவை ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கில் 1950இல் கொண்டாட நினைத்த அப்துல் அஸீஸ், உலமாக்களின் எதிர்ப்பால் அதைக் கைவிட்டார். நாட்டை வென்றவரே தன் வெற்றிக்கு விழா எடுக்க முடியாத காலம் அது! நூற்றாண்டு விழா 1999இல் நடந்தது. அப்போதும் முணுமுணுப்பு இருந்தது. செப்டம்பர் 23 பொது விடுமுறையானது 2005இல்தான், மன்னர் அப்துல்லா காலத்தில். பிறகு வேகம் கூடியது. 2022இல் நிறுவன நாள். 2023இல் மார்ச் 11 கொடி நாள். இஸ்லாத்தின் நம்பிக்கை வாசகமான கலிமா பொறித்த கொடி என்பதால் துக்க நாளிலும் அரைக்கம்பத்துக்கு இறக்கப்படாத கொடி அது. 1950ஐயும் 2023ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தால், உலமாக்களுக்கும் குடும்பத்துக்கும் இடையிலான தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரியும்.

1979க்கு வருகிறேன். நவம்பர் 20 அதிகாலை, ஜுஹைமான் அல்உதைபி என்பவரும் அவருடைய ஆட்களும் மக்காவின் ஹரமைக் கைப்பற்றினார்கள். இக்வான் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவர் ஜுஹைமான். சவூத் குடும்பத்துக்கு மார்க்கப்படி ஆளும் தகுதி இல்லை என்பதே அவர் வாதம். அவர்களை வெளியேற்ற இரண்டு வாரங்கள் ஆயின. ஹரமுக்குள் ஆயுதம் எடுக்க அரசுக்கு உலமாக்களின் ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, தேவைப்பட்டது, அது கிடைத்தது. 1980 ஜனவரியில் 63 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதன்பின் பள்ளிகளிலும் தெருக்களிலும் மார்க்கக் காவலர்களின் பிடி இறுகியது. 1986இல் மன்னர் ஃபஹத் 'இரு புனிதப் பள்ளிகளின் பணியாளர்' என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டார்.

இன்றைய ஆட்சியாளர்கள் இந்த 1979ஐ வைத்து ஒரு விளக்கம் தருகிறார்கள். அதற்கு முன் நாங்கள் இயல்பாக இருந்தோம், அந்த ஆண்டுதான் எங்களைக் கெடுத்தது என்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. பெண் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி திறக்க முடிவெடுத்த 1960ஆம் ஆண்டிலேயே அந்தப் பள்ளிகளின் நிர்வாகம் உலமாக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மக்காவில் ஒரு பெண்கள் பள்ளியில் தீப்பிடித்து 15 மாணவிகள் இறந்த பிறகு, 2002இல்தான் அது கல்வி அமைச்சகத்துக்கு வந்தது. தொலைக்காட்சி நிலையத்தை எதிர்த்து 1965இல் கிளம்பிய ஓர் இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தம்பிதான் 1975இல் மன்னர் ஃபைசலைக் கொன்றார். 1979க்கு முன் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்வது, அந்த ஏற்பாட்டைச் செய்த குடும்பத்தின் பொறுப்பை ஜுஹைமானின் கல்லறையில் இறக்கி வைப்பதாகும்.

2016 முதல் வந்த மாற்றங்களை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இந்த அரங்கிலேயே பல இருக்கும். மார்க்கக் காவலர்களின் கைது செய்யும் அதிகாரம் பறிக்கப்பட்டது. 2018இல் திரையரங்குகள் வந்தன, பெண்கள் கார் ஓட்டினார்கள். இவற்றை முழுமனதோடு வரவேற்கிறேன். தெருவில் பிரம்போடு யாரும் துரத்தாமல் ஒரு பெண் நடந்து போவது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் அந்த உரிமையைக் கேட்டவர்களுக்கு என்ன ஆனது? கார் ஓட்டும் உரிமைக்காகப் போராடிய லுஜைன் அல்ஹத்லூல் 2018 மே மாதம் கைதானார். தடை நீங்கியது ஜூனில். பழமைவாதிகளில் மக்கள் செல்வாக்குள்ள ஷேக் சல்மான் அல்அவ்தா 2017 செப்டம்பரிலேயே சிறைக்குப் போனார். ஒருவர் பெண்ணுரிமை பேசியவர், மற்றவர் மார்க்க அறிஞர். இருவரும் ஒரே ஆட்சியின் சிறையில் இருந்ததற்குக் காரணம் மார்க்கத்தைப் பற்றிய கருத்து அல்ல என்பது இதிலேயே விளங்கவில்லையா? குடும்பத்தின் அனுமதிக்குக் காத்திராமல் பேசினார்கள். 1992இல் வந்த அடிப்படைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு, ஆட்சி நிறுவனர் அப்துல் அஸீஸின் மகன்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் உரியது என்கிறது. குர்ஆனின்படியும் நபிவழியின்படியும் கீழ்ப்படிவதாகக் குடிமக்கள் மன்னருக்கு பைஅத் (விசுவாச உறுதிமொழி) செய்ய வேண்டும் என்கிறது அடுத்த பிரிவு. திரையரங்கு திறந்த பிறகும் அந்தப் பிரிவுகளில் ஓர் எழுத்து மாறவில்லை. நேற்றுவரை கீழ்ப்படியாதவன் மார்க்கத் துரோகி. இன்று அவன் தேசத் துரோகி.

இஸ்லாமா, தேசமா என்ற இரண்டில் ஒன்றைத்தான் அந்த மக்கள் தேர்ந்தெடுக்க முடியும் என்று நம் ஊர்ப் பத்திரிகைகள் எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அப்துல்லா அல்ஹாமித் என்ற அறிஞர் இருந்தார். மன்னர் இருக்கட்டும், ஆனால் அரசியல் சாசனத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்கும் அவர் கட்டுப்பட வேண்டும் என்று கேட்டவர். அதை மேற்கத்தியத் தத்துவம் சொல்லிக் கேட்கவில்லை. கலந்தாலோசித்து ஆளுங்கள் என்ற குர்ஆனின் ஷூரா கட்டளையைச் சொல்லிக் கேட்டார். 2009இல் தோழர்களோடு ஓர் உரிமைச் சங்கம் தொடங்கினார். 2013இல் அவருக்குப் பதினோரு ஆண்டுச் சிறைத்தண்டனை. 2020 ஏப்ரலில் காவலில் இருக்கும்போதே இறந்தார். பக்திமானாகவும் குடிமகனாகவும் ஒரே நேரத்தில் வாழ முடியும் என்று காட்டிய மனிதர் அவர்.

அவர் இறந்து ஐந்து மாதங்களில், நாட்டைவிட்டு வெளியேறி வாழும் சவூதிகள் சிலர் தேசிய சபைக் கட்சி என்ற பெயரில் ஓர் எதிர்க்கட்சியை அறிவித்தார்கள். ஆல் ரஷீத் குடும்பத்தில் பிறந்த வரலாற்றாசிரியர் மதாவி அல்ரஷீத் அதில் இருந்தார். ஷேக் சல்மான் அல்அவ்தாவின் மகனும் இருந்தார். தேர்தலும் நாடாளுமன்றமும் வேண்டும் என்று அவர்கள் அறிவித்த நாள் 2020 செப்டம்பர் 23. குடும்பம் தன் பெயரை நாட்டுக்குச் சூட்டிய அதே தேசிய நாள்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்க ஆவலாக இருக்கிறேன். நன்றி.