விருந்தாளியா, வேவுகாரரா? விருந்தாளி அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி அறிஞர்களே, பின்னால் நாற்காலி கிடைக்காமல் நிற்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1944-இல், இன்றைய அருணாச்சலப் பிரதேசத்தின் ஜிரோ பள்ளத்தாக்குக்குப் போய் அபதானி மக்களோடு தங்கினார் வியன்னாக்காரர் கிறிஸ்டோஃப் வான் ஃபியூரர்-ஹைமெண்டார்ஃப். முழுப் பெயரையும் ஒருமுறை சொல்லிவிட்டேன், இனிமேல் கேட்காதீர்கள். அந்த மானிடவியலாளர் விருந்தாளியா, வேவுகாரரா? விருந்தாளிதான் என்கிறது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய அக்கா ஒரே போடாகப் போட்டார். "விருந்தாளி என்றால் நாலு நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாமா? உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தவருக்கு என்ன பெயர்?" கைதட்டல் அடங்கவே இல்லை. அக்கா, அவரால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது. பெட்டி அவருடைய மனைவி! எலிசபெத், செல்லமாகப் பெட்டி. கணவரோடு மலையேறிப் போய் அதே பள்ளத்தாக்கில் தங்கியவர். வேவு பார்க்கப் போகிறவன் மனைவியையும் கூட்டிக்கொண்டா போவான்? நம்மை வேவு பார்ப்பதே அவர்கள்தானே! நடுவர் சிரிக்கிறார், வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியாமல்.

அடுத்தது அந்த நோட்டு. அதில் அப்படி என்னதான் எழுதினார்? ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு பணக்கார அபதானிகள். ஒருவரை மற்றவர் அவமானப்படுத்திவிட்டார். நாமாக இருந்தால் சட்டையைப் பிடிப்போம். அங்கே அவமானப்பட்டவர் தன் மிதுனை ஓட்டிக்கொண்டு எதிராளி வீட்டு வாசலுக்குப் போகிறார். மிதுன் என்பது காட்டெருதின் சாயலில் இருக்கும் மலைமாடு. உழவுக்குப் பூட்ட மாட்டார்கள், பாலும் கறக்க மாட்டார்கள், ஆனால் செல்வம் என்றால் அங்கே அதுதான். வாசலில் போய் நிற்கிறாரா, கத்தியை ஓங்குகிறாரா, எதிராளியின் மாட்டை வெட்டப் போகிறார் என்றுதானே நினைக்கிறீர்கள்? வெட்டுகிறார். தன் மாட்டை! தன் சொந்த மாட்டை, எதிராளி வாசலில்!

எதிராளி சும்மா இருப்பாரா? "ஒன்றா வெட்டினாய்? பார்" என்று தன்னுடையதில் இரண்டை வெட்டுகிறார். இவர் நாலு. அவர் ஐந்து. திபெத்திலிருந்து வந்த வெண்கல மணிகள், வாள்கள் என்று வீட்டில் விலை உயர்ந்தது எதுவோ அதையும் தூக்கிப் போட்டு உடைப்பார்கள். ஒருவர் கையில் ஒன்றுமே மிச்சமில்லாமல் போக வேண்டும், அல்லது புலியாங் எனப்படும் ஊர்ப் பெரியவர்கள் நடுவில் புகுந்து நிறுத்த வேண்டும். அதுவரை யாரும் ஓய மாட்டார்கள். கறி என்ன ஆயிற்று என்று நடுவர் கேட்க நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. பிறகு சொல்கிறேன் ஐயா.

இதைக் குறித்துக்கொண்டு போய் ஒரு வேவுகாரன் மேலிடத்தில் என்ன சொல்வான்? "படை எல்லாம் வேண்டாம் துரை, கொஞ்சம் கோபப்படுத்துங்கள், மாட்டை அவர்களே வெட்டிக்கொள்வார்கள்" என்றா? அக்கா, வேவுகாரனிடம் ஊர் வாயை மூடிக்கொள்ளும். வீட்டுச் சண்டையை ஒன்றுவிடாமல் விருந்தாளியிடம்தான் கொட்டுவோம். தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.

வேவு என்றால், அதற்கு முன் 1897-இல் மெக்கேப் என்ற ஆங்கில அதிகாரி போனாரே, அதைச் சொல்லுங்கள். ஆயுதப்படையோடு போனார், அபதானிகள் பிடித்து வைத்திருந்தவர்களை மீட்டார், திரும்பிவிட்டார். ஹைமெண்டார்ஃபும் பிரிட்டிஷ் இந்திய அரசு நியமித்த சிறப்பு அதிகாரிதானே என்றது எதிரணி. ஆமாம், சம்பளம் சர்க்கார் சம்பளம்தான். ஆனால் எழுதியது என்ன? ஏர் இல்லை, உழவு மாடு இல்லை, கைக்கருவியால் கொத்தி, வரப்புக் கட்டி, வாய்க்கால் நீர் பாய்ச்சி நெல் விளைவிக்கும் மக்களின் கெட்டிக்காரத்தனத்தை எழுதினார்.

1948-இல் கூரே என்ற இடத்தில் இருந்த அரசு முகாமை அபதானிகள் தாக்கினார்கள், பதிலடியும் விழுந்தது, அதற்கு இவர் போட்ட பாதைதான் காரணம் என்று எதிரணி அடுக்கியது. அடுக்கட்டும். நான் வேறு ஒன்று கேட்கிறேன்.

1939-இல் போர் மூண்டபோது அவர் இந்தியாவில் இருந்தார். ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியிருந்ததால் கையில் இருந்தது ஜெர்மன் கடவுச்சீட்டு. அந்த ஒரு தாளால் எதிரி நாட்டான் ஆனார். ஹைதராபாத் சமஸ்தானத்தைத் தாண்டக் கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். அங்கே செஞ்சு, கோண்டு என்ற பழங்குடி மக்களோடு இருந்தார். ஊருக்குத் திரும்ப வழியில்லாத அந்த மனிதர், பிறகு ஜிரோவில் அடுத்தவர் அடுப்போரம் உட்கார்ந்து, ஊற்றித் தந்த அரிசி மதுவைக் குடித்துக் கதை கேட்டிருக்கிறார். அவரைப் போய் வேவுகாரன் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது அக்கா?

அபதானிப் பெண்கள் மூக்கின் இருபுறமும் அடைப்பான் போட்டு, முகத்தில் பச்சை குத்திக்கொண்டிருந்தார்கள். 1970-களோடு அந்த வழக்கம் நின்றுவிட்டது. மிச்சமிருக்கும் பாட்டிகளின் முகத்துக்கு நேரே இன்று சுற்றுலா போகிறவர்கள் செல்போனை நீட்டுகிறார்கள், பெயரைக்கூடக் கேட்பதில்லை. அன்று அவர் எடுத்த படங்கள் லண்டனில் இருக்கின்றன. அவற்றில் அந்தத் தலைமுறையின் அம்மாக்கள் இளம்பெண்களாக நிற்கிறார்கள். 1978-இல் தலை நரைத்துப்போன அவர் மறுபடியும் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போனார். வேலை முடிந்த வேவுகாரன், அத்தனை வருஷம் கழித்துத் தெரிந்தவர்களைப் பார்க்கப் போவானா நடுவர் அவர்களே?

மணி அடித்துவிட்டீர்கள். கறிக் கணக்கை அடுத்துப் பேசும் தம்பி சொல்வார். நன்றி, வணக்கம்.